குடும்பப் பெயர் என்ற கட்டம்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில ஏதும் இருந்தா இறக்கி வெச்சிட்டு வாங்க.

போன கிழமை மகளுக்குப் பாஸ்போட் எடுக்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். உம்ராவுக்குப் போக நிய்யத்து. எடுத்த எடுப்பிலேயே ஒரு கட்டம்: குடும்பப் பெயர். பேனை அதிலேயே நின்றுவிட்டது. மகள் தரம் 5. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள், "என்ன உம்மா, எங்கட குடும்பப் பெயர் உங்களுக்கே தெரியாதா?"

12 வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பெயர்ச்சொல் என்றால் என்ன, அதன் வகைகள் எத்தனை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற ஆள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, எங்கட பாஸ்போட்டுகளில் என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என அலுமாரியைத் திறந்தேன். என்னுடையதில் குடும்பப் பெயர் அபூபக்கர். அது வாப்பாட பெயர். கட்டாரில் இருக்கிற காக்காட பழைய பாஸ்போட்டில் இஸ்மாலெவ்வை. அது வாப்பாட வாப்பாட பெயர். தம்பிட போட்டோக்கொப்பியில் மொஹமட். அது எந்த வாப்பாட பெயரும் இல்லை, அவன்ட பெயருக்கு முன்னால் வரும் மொஹமட்தான். ஏஜென்ட் அப்படி நிரப்பிக் கொடுத்திருக்கிறார், இவனும் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டான். உலகத்தில் அரைவாசிப் பேர் அவன்ட சொந்தக்காரர். ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்.

இது சிரிக்கிற கதை மட்டும் இல்லை. நாலு வருஷத்துக்கு முதல் காக்கா தோஹாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தம்பி வேறு கேம்பில் இருந்து ஓடிப்போய் "நான் இவர்ட தம்பி" என்றிருக்கிறான். கவுண்டரில் இருந்தவர் இரண்டு ஐடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று தலையை ஆட்டியிருக்கிறார். பிறப்புச் சேட்டிபிக்கட் இரண்டையும் நான் இங்கிருந்து வட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அவர்கள் ஏற்று, தம்பி உள்ளே போகும்போது அடுத்த நாள் அஸர் ஆகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், காக்கா பிழைத்துக்கொண்டார்.

அந்தக் கவுண்டர்காரரை நான் குறை சொல்லமாட்டேன். எங்கட பெயர் வைக்கிற முறை வெளியாளுக்கு விளங்காது. எங்களுக்கே விளங்குதா என்பது வேறு கேள்வி.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, எந்த ஊரை எடுத்தாலும் முதலெழுத்து இல்லாமல் சொன்ன பெயர் பாதிப் பெயர்தான். யூ.எல். என்றால் உதுமாலெவ்வை. ஐ.எல். என்றால் இஸ்மாலெவ்வை. ஏ.பி. என்றால் ஆதம்பாவா. எம்.எல். என்றால் மீராலெவ்வையாகவும் இருக்கலாம், முகம்மதுலெவ்வையாகவும் இருக்கலாம், அடுத்த தெருவில் விசாரிக்க வேண்டும். மர்ஹூம் அஷ்ரப் அவர்களை "எம்.எச்.எம்." இல்லாமல் யாராவது எழுதியிருக்கிறோமா? நடுவில் இருக்கிற எச். அவருடைய தகப்பனார் ஹுசைன். ஒரு வாப்பாட பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த முதலெழுத்து பொதுவாக இருப்பதால் பார்க்கிறதுக்குக் குடும்பப் பெயர் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் ஆயுசு ஒரு தலைமுறைதான். யூ.எல். என்று தொடங்குகிறவர்ட பிள்ளை அந்த யூ.எல்.ஐக் கொண்டுபோகாது, தகப்பன்ட சொந்தப் பெயர்ட எழுத்தைத்தான் கொண்டுபோகும். பேரப்பிள்ளையிடம் உதுமாலெவ்வை இருக்கமாட்டார்.

இப்ப அந்த எழுத்தும் கரைந்துகொண்டு வருகிறது. என்ட வகுப்பு இடாப்பில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் எம்., பெண்பிள்ளைகள் எல்லாரும் எப். மொஹமட்டும் பாத்திமாவும் பரக்கத்தான பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் "எம்" என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு எழும்பும்.

வாப்பாமார்ட முதலெழுத்துக்களில் இவ்வளவு "எல்" ஏன்? லெவ்வை என்பது ஆதியில் பெயரில்லை, வேலை. ஓதிக் கொடுக்கிறவர், பள்ளியில் நிற்கிறவர், கத்தத்துக்கு வருகிறவர். எங்கட உம்மம்மா கோழி அறுக்க வேண்டுமென்றாலும் "லெவ்வையக் கூட்டிட்டு வாடா" என்றுதான் சொல்வா. மௌலவி என்ற சொல் வந்து அந்த இடத்தில் இருந்த பிறகு லெவ்வை பெயரின் வாலில் மட்டும் தங்கிவிட்டார். ஹஜ்ஜில் சொல்கிற "லப்பைக்"கில் இருந்து இந்தச் சொல் வந்ததென்று சொல்வோர் உண்டு. தமிழ்நாட்டில் லெப்பை, கண்டியில் லெப்பை, எங்கட பக்கம் வாயில் புரண்டு லெவ்வை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பையும் எங்கட இஸ்மாலெவ்வையும் ஒரே சொல்லைத்தான் சுமந்தார்கள். இங்கிலிசில் எழுதும்போது ஒரு வீட்டில் லெபே, அடுத்த வீட்டில் லெப்பை, மூன்றாவது வீட்டில் லெவ்வி. அதனால் கச்சேரியில் ஒரே குடும்பம் மூன்று குடும்பமாகும்.

மரைக்காரும் அப்படித்தான். அது கப்பலோடு வந்த பெயர். மரக்கலத்தில் இருந்து வந்ததென்று ஒரு கட்சி, கப்பலுக்கு அரபியில் சொல்கிற மர்கபில் இருந்து வந்ததென்று இன்னொரு கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் கடல்தான். மலபாரில் சாமூதிரி ராஜாட கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்கார்மாரில் நாலாமவரை 1600இல் போர்த்துக்கேயர் கோவாவில் வைத்துக் கொன்றார்கள். மோகன்லால் நடித்த படம் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியும். கீழக்கரை வள்ளல் சீதக்காதிட இயற்பெயர் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். கரையோரம் நெடுக இந்தப் பெயர் துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி வந்திருக்கிறது.

இலங்கையில் சில வீடுகளில் அது நிலைத்த குடும்பப் பெயராகவும் ஆகிவிட்டது. காலியில் 1860இல் நகை வியாபாரம் தொடங்கிய ஓ.எல்.எம். மாக்கான் மாக்காரை எடுங்கள். ஓ.எல். என்றால் உதுமாலெவ்வை. எங்கட யூ.எல்.தான், எழுத்து மட்டும் வேறு. ஆனால் அவர்கள் மாக்கான் மாக்கார் என்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், மகன், பேரன் என்று அது போனது. 1931இல் அரசாங்க சபைக்கு மட்டக்களப்புத் தெற்கில் இருந்து, அதாவது எங்கட பகுதியில் இருந்து, தெரிவாகிப் போனவரும் அந்தக் குடும்பத்து மொஹமட் மாக்கான் மாக்கார்தான். எங்கட பக்கம் அப்படி நிலைத்ததென்றால் காரியப்பரைச் சொல்லலாம். 1947இல் கல்முனைத் தொகுதியின் முதலாவது எம்.பி. கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர். 2013இல் மாநகர சபை மேயராக வந்தவரும் ஒரு காரியப்பர். நகைக்கடை, பதவி, பெரிய காணி என்று கட்டிக் காக்க ஏதாவது இருந்த இடத்தில் பெயரும் நின்றிருக்கிறது. எங்கட வாப்பாவிடம் இருந்தது ஒரு சைக்கிளும் இரண்டு ஏக்கர் வயலும். பெயர் எங்கே நிற்கும்?

சரி, குடும்பப் பெயர் எல்லாருக்கும் ஆதியில் இருந்தே இருந்த சாமானா? இல்லை. இந்த நாட்டில் பெரேராவும் சில்வாவும் பெர்னாண்டோவும் போர்த்துக்கேயரோடு கப்பலில் இறங்கியவை. பெரேரா என்றால் பேரிக்காய் மரம், சில்வா என்றால் காடு. ஞானஸ்நானத்தோடு கிடைத்த பெயர் 400 வருஷமாக நிற்கிறது. துருக்கியில் எங்களைப் போல வாப்பாட பெயரோடு வாழ்ந்த சனம், 1934இல் ஒரு சட்டம் போட்டு ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுக்க வேண்டுமென்றார்கள். முஸ்தபா கமாலுக்கு அத்தாதுர்க் என்ற பெயரை அவர்களுடைய பாராளுமன்றமே கொடுத்தது. ஐஸ்லாந்தில் இன்றைக்கும் பெரும்பாலான ஆட்களுக்குத் தகப்பன்ட பெயரோடு "மகன்", "மகள்" என்று சேர்த்து எழுதுவதுதான் பெயர். அவர்களுக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும்.

என்னை நிறுத்தி வைத்தது ஒரு இத்தாலியப் பெயர். எஸ்போசிதோ. நாப்போலிப் பக்கம் தெருவுக்குத் தெரு அந்தப் பெயர்க்காரர்கள் இருக்கிறார்கள். அர்த்தம், வெளியே வைக்கப்பட்டவர். வளர்க்க வழியில்லாமல் அநாதை மடத்து வாசலில் வைத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கு மடத்தில் வைத்த பெயர் அது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் முடித்து, அவர்கள்ட பிள்ளைகளும் எஸ்போசிதோ, பேரப்பிள்ளைகளும் எஸ்போசிதோ. உம்மா யாரென்று தெரியாததால் வந்த பெயர் இத்தனை தலைமுறையாக எழுத்தில் இருக்கிறது. எங்களுக்கோ உம்மா யாரென்பதுதான் நன்றாகத் தெரிந்த விஷயம். அது எந்தப் பத்திரத்திலும் இல்லை.

ஆம், குடியைத்தான் சொல்கிறேன். எங்களிடம் குடும்பப் பெயர் இல்லாமல் இல்லை. இருக்கிறது, பல நூறு வருஷமாக இருக்கிறது, ஆனால் எழுதுவதில்லை.

இளம் பிள்ளைகளுக்காக: கிழக்கில் தமிழருக்கும் சரி முஸ்லிம்களுக்கும் சரி, குடி உம்மாவால் வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. வாப்பாட குடி வேறு, அது அவர்ட உம்மாட குடி. ஒரே குடிக்குள் மாப்பிள்ளை எடுக்கமாட்டார்கள், சகோதர முறை. மாமிட மகன் மச்சானாவது, சாச்சிட மகன் தம்பியாவது எல்லாம் இதற்குள் சரியாக வந்து விழும். தமிழ் ஆட்கள் "வயிற்றுவார்" என்றும் ஒரு சொல் சொல்வார்கள். லெவ்வைக்குடி, ஓடாவிக்குடி என்று தொழிலால் வந்த பெயர்கள் உண்டு, பொன்னாச்சிகுடி மாதிரி ஒரு பெண்ணின் பெயரோடு நிற்பதும் உண்டு. எங்கட குடியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எந்தக் குடி பெரிது என்ற சண்டை கருத்துப் பெட்டியில் தொடங்கும், எனக்குப் பாடக்குறிப்பு எழுத இருக்கிறது.

பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் என்று இருந்த காலம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கப்பல்காரன்ட பெயர் எங்கட ஊரில் பள்ளிப் பதவியாக இறங்கி, உம்மாவழிக் குடியைப் பிரதிநிதித்துவம் செய்தது. அக்கரைப்பற்றில் வந்திருந்து இதையெல்லாம் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2008இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படிக்கும்போது அதைப் பற்றிக் கேள்விப்பட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. உம்மம்மா சொல்லச் சொல்ல நான் கேட்காமல் ஓடின கதைகளைக் கேட்க அவர் அமெரிக்காவில் இருந்து வந்திருக்கிறார்.

எப்படி வந்தது இது? முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் எங்கட ஆட்கள் முக்குவருக்குத் துணை நின்று, இங்கேயே பெண் எடுத்துத் தங்கினார்கள், பிள்ளைகளுக்கு உம்மாட குடி வந்தது என்பது ஊரில் சொல்கிற கதை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியில் இருந்த முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி அரசன் செனரத் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது வரலாற்றுப் புத்தகத்தில் உள்ளது. இரண்டிலும் வருகிறவன் ஆண், ஏற்கெனவே இருக்கிறவள் பெண். வீடும் வளவும் அவளிடம். மாப்பிள்ளை இன்றைக்கும் பெண் வீட்டுக்குத்தானே வருகிறார்!

சிலர் இப்பவே விரல் துடித்துக்கொண்டிருப்பார்கள், "இஸ்லாத்தில் குடி ஏது டீச்சர்" என்று எழுத. கோத்திரங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பது சூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. பெருமையடிக்க இல்லை என்பதும் அதே வசனத்தில் இருக்கிறது. குடியை வைத்துப் பெருமையடித்தவர்களும், பள்ளியில் முன் ஸப்புக்குச் சண்டை பிடித்தவர்களும் எங்கட ஊரிலும் இருந்தார்கள். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே முதுகு உடைந்த வாப்பாமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் எனக்கு ஒரு நாள் ஞாபகம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. எனக்கு 16 வயது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேல் மௌத்து என்பது பிறகு வந்த கணக்கு. அன்றைக்கு எங்களுக்குக் கணக்கு ஒன்றுதான், உம்மாவைக் காணவில்லை. வாப்பாவும் நாங்களும் ஒரு மாடிக்கு ஏறிவிட்டோம், உம்மா கடற்கரைப் பக்கம் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தா. அடுத்த நாள் பள்ளிவாசல் சுவரில் அடக்கிய மையத்துகளின் பெயர்களைக் கொப்பித் தாளில் எழுதி ஒட்டினார்கள். காக்கா வாசித்துக்கொண்டு போனவர் ஒரு இடத்தில் நின்றார். உம்மாட பெயர். உம்மாட வாப்பாட பெயர். இரண்டும் அப்படியே.

வாப்பா நிலத்தில் இருந்துவிட்டார். அப்போது அந்தத் தாளை எழுதின கிழவர், கண்ணாடி இல்லாமல், கையெல்லாம் மண், கிட்ட வந்து கேட்டார்.

"உங்கட உம்மா எந்தக் குடி மனே?"

காக்கா சொன்னார்.

"அப்ப இது இல்ல. இது இன்ன குடி, ரெயில்வே றோட்டுப் பக்கம் இருந்த புள்ள. அவட உம்மாவையும் எனக்குத் தெரியும். நீங்க தேடுங்க."

எங்கட பக்கம் ரெயில் இல்லை, எங்கட ஆட்கள் அந்த ஒழுங்கையை ஏனோ அப்படித்தான் கூப்பிடுவார்கள். இது முக்கியமில்லை. அந்த மனிசன் ஒரே பெயருள்ள இரண்டு பெண்களை அவர்கள்ட உம்மாமாரை வைத்துப் பிரித்தார். அன்று பின்னேரம் சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் உம்மாவைக் கண்டுபிடித்தோம். கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அந்தத் தாளில் இருந்த மற்றப் பெண்ணைத் தேடி வந்த பிள்ளைகளும் எங்கேயோ இருந்திருப்பார்கள். அதை நினைக்காமல் எனக்கு அந்த நாளை நினைக்க முடியாது.

உம்மாட வீடு போய்விட்டது. அது உம்மம்மாவிடம் இருந்து உம்மாவுக்கு வந்த வீடு, உறுதி உம்மாட பெயரில். கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்ட ஏலாது என்றார்கள். வேறு இடத்தில் வீடு கிடைத்தது, அல்லாஹ்வுக்கே புகழ். ஆனால் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். வாப்பாட பெயர் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எழுதிய உத்தியோகத்தருக்கும் பசி, எங்களுக்கும் பசி. எங்கட கரையில் எத்தனையோ பெண்களுக்கு அப்படி நடந்தது. தாய்க்குத் தாய் கைமாறி வந்த வீடு ஒரு கட்டத்தில் வாப்பாமாரிடம் மாறியது.

வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டை எனக்கு எழுதித்தர காக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டார்கள். சட்டப்படி பார்த்தால் அவர்களுக்குத்தான் என்னைவிடக் கூடப் பங்கு. நொத்தாரிசு எங்கட ஐடென்டிட்டி காட், பாஸ்போட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இஸ்மாலெவ்வை, மொஹமட், அபூபக்கர். மூன்று பேரும் ஒரே தாய் தகப்பன்ட பிள்ளைகள் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்தில் இருந்த உம்மா சிரித்துவிட்டா.

"நான்தானே பெத்தன். என்னக் கேட்டாச் சொல்றன்."

உம்மாட சொல்லுக்கு முத்திரை ஒட்ட இடமில்லை. சத்தியக் கடதாசி முடித்துத்தான் கொடுத்தோம்.

மகள்ட படிவத்துக்கு வருவோம். அவள்ட வாப்பாட பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டேன். பிறப்புச் சேட்டிபிக்கட்டோடு ஒத்துப்போக வேண்டும், எல்லையில் என்ட பிள்ளை நிற்கக்கூடாது. தம்பி தங்கச்சிக்கும் இதேதான் என்று அவரும் நானும் பேசி முடித்துவிட்டோம். பிள்ளைகளுக்குப் பாஸ்போட் எடுக்கிற தாய் தகப்பன்மார் இதை மட்டுமாவது செய்யுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல். ஏஜென்ட்டிடம் விடாதீர்கள்.

படிவத்தை மடித்து வைத்த பிறகும் மகள் விடவில்லை. "உம்மாட குடிய எழுத எங்க இடம்?" என்றாள். இடமில்லை என்றேன். தன்ட கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, "அப்ப இதில எழுதுவம், சொல்லுங்க" என்றாள். அவள்ட பெயர். மேலே என்ட பெயர். அதற்கு மேலே உம்மா. உம்மம்மா. உம்மம்மாட உம்மா பாத்துமுத்து என்று உம்மா சொன்னா. அதற்கு மேலே யாரென்று கேட்டதற்கு உம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. நெற்றியைத் தடவித் தடவி யோசித்தா.

"மருதமுனையில மூத்தாக்குத் தெரியும். அவக்கு 90 தாண்டிட்டு. காது கேளா, கிட்டப் போய்ச் சத்தமாக் கேக்கணும்."

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு போகிறோம். தாள் மகள்ட பேக்கில் இருக்கிறது.